ஏட்டுச் சுரைக்காயும் படகுக் கழியும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று ஒரு பழமொழி. நம்மில் யார்தான் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்? புத்தகத்தைப் பார்த்துக் கிண்டிய மைசூர்பாகு கருங்கல்லாக வந்தால் இதைச் சொல்கிறோம். கல்யாணமாகாத தங்கை குழந்தை வளர்ப்பு பற்றி உபதேசம் செய்தால் இதைச் சொல்கிறோம். சொல்லிவிட்டு, பெரிய உண்மையைச் சொன்ன திருப்தியோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்தப் பழமொழியை நடுவில் வைத்து ஒரு பட்டிமன்றமே நடந்தது. உடம்பைப் பழக்குகிற ஒரு வித்தை இருக்கிறது என்று வையுங்கள். அது சிலம்பமாக இருக்கலாம், படகு தள்ளுவதாக இருக்கலாம், வயதானவர்கள் விழாமல் நடப்பதாகவும் இருக்கலாம். அதைப் பழகுவதற்கு விசை, எதிர்விசை, ஈர்ப்பு மையம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பாடம் உதவுமா, உதவாதா? வெறும் வெட்டிப் பேச்சாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மாமியார் மறுபடியும் தைரியமாக வாசல்படி தாண்டுவாரா என்பதே இந்த வாதத்தில் அடங்கியிருந்தது.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது; தென்கோடி மட்டும் நம் தமிழ்நாட்டில். பார்க்கத்தான் கடல் மாதிரி இருக்குமே தவிர, ஆழம் கிடையாது. சராசரி ஒரு மீட்டர்தான் என்கிறார்கள். அதனால்தான் மோட்டார் வந்த பிறகும், ஆழமில்லாத இடங்களில் கழியை ஊன்றித்தான் படகைத் தள்ளியாக வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கரையில் வந்து நின்றால் வானத்தில் நெருப்புக் கோடு தெரியும். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வரும்.

என் வீட்டுக்காரர் ஏரியில் தொழில் செய்கிறவர். பன்னிரண்டு வயதில் கழி பிடித்தவர். என் மாமியார் நாற்பது வருஷம் மீன் கூடையைத் தலையில் சுமந்து பொன்னேரி வரைக்கும் விற்றவர். நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் மகள் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து சிலம்பமும் சுற்றுகிறாள். ஆக, பட்டிமன்றத்துக்கு வேண்டிய ஆட்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில், கொல்லைப்புறத்துப் பாசிப் படியில் மாமியார் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றிக்கொண்டதால் இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு நன்றாகவே கூடியது. கால்களுக்கோ ஒன்றுமே இல்லை. ஆனால் கட்டைப் பிரித்த பிறகும் மனுஷி வாசல் பக்கம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சுவர் இல்லாத இடத்துக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டார். "இன்னொரு தபா உழுந்தா அவ்ளோதாம்மா" என்பார். தன் சம்பாத்தியத்தில் வெற்றிலை வாங்கிப் போட்டவர், எங்களிடம் காசு கேட்கக் கூச்சப்பட்டு, வெற்றிலையையே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

பிசியோதெரபி கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்தால் கால் தசைகள் வலுவிழக்கும். தசை வலுவிழந்தால் மறுபடியும் விழுகிற வாய்ப்பு கூடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்துகொண்டே வருவதால், இன்று மணிக்கட்டோடு போனது நாளைக்கு இடுப்பெலும்பாக இருக்கலாம். டாக்டர் கொடுத்த மருந்து ஒருபுறம் இருக்கட்டும். நிலை தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் கட்டாயம் வேண்டும் என்றார். "சீனாவில் 'தாய் சி' என்று ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு ரொம்ப நல்லது" என்றும் சொன்னார்.

தாய் சி என்பது சீனர்களின் தற்காப்புக் கலைகளில் ஒன்று. இன்றைக்கு உலகமெங்கும் பலர் அதை மெதுவான உடற்பயிற்சியாகவே செய்கிறார்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு, ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மெல்ல மாற்றுவார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரிடம் இதைச் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தாய் சி செய்தவர்களுக்கு மற்றப் பயிற்சி செய்தவர்களைவிட நிலை தடுமாறாமல் நிற்கும் திறன் கூடியிருந்தது. 2019இல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு ஒன்று, உடற்பயிற்சி செய்கிற முதியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று சொல்கிறது. தாய் சியை மட்டும் தனியாக எடுத்தால் 19 சதவீதம். ஆனால் அதற்கான சான்று அத்தனை அழுத்தமானது இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது.

எல்லாம் சரி, பழவேற்காட்டில் தாய் சி வாத்தியாருக்கு எங்கே போவது? சிலம்ப வாத்தியார்தான் இருந்தார். 'கம்பு சுற்றுவதற்கும் கிழவி நடப்பதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுழல்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், காலைப் பார்த்ததில்லை. சிலம்பத்தில் முதல் பாடமே காலடிதான். பாரத்தை எந்தக் காலில் வைப்பது, எந்தக் காலை எடுப்பது, எப்படித் திரும்புவது என்று வெறுங்கையோடு மாதக்கணக்கில் பழக வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்களே, அப்போதிருந்து எங்கள் பக்கத்துப் பெண் குழந்தைகளும் நிறையவே சேர்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் வாத்தியார், "காலடியை மெதுவா வச்சா அதுவும் நீங்க சொல்ற சீனாக்காரன் பயிற்சி மாதிரிதாம்மா. பெரிம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். டாக்டரிடம் கேட்டோம். அவரும் சரி என்றார்.

ஆனால் வாத்தியாரிடம் போவதற்கு முந்தின நாளே மகள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தாள். "ஆயா, உன் உடம்போட ஈர்ப்பு மையம் தொப்புளுக்குக் கிட்ட இருக்குது. அங்கேருந்து நேராக் கீழே ஒரு கோடு போட்டா, அது உன் ரெண்டு பாதத்துக்கு உள்ளாற விழணும். வெளியே போச்சுன்னா நீ சாஞ்சிடுவ."

"இன்னா கண்ணு, எனக்குள்ள கோடு கீதா?" என்று மாமியார் குனிந்து தேட, நிஜமாகவே தள்ளாடிப் போனார். நான் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

மறுநாள் வாத்தியார் எந்தக் கோட்டையும் பற்றிப் பேசவில்லை. "பெரிம்மா, தலையில கூடை இருக்குது. கூடை நெறைய மடவை மீனு. சும்மாடு நழுவக் கூடாது. அப்படியே நாலு அடி எடுத்து வாங்க பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்! கழுத்து நிமிர்ந்தது, இடுப்பு அடங்கியது, முழங்கால் தானாக இளகிக்கொடுத்தது. ஆறு மாதமாகச் சுவரைத் தேடிய கை காற்றில் சும்மா தொங்கியது. நாலு அடி என்றது பத்து அடியானது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல, "பாத்தியா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவுமா?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதைக் கரையில் நின்று பார்த்தபோது, "நீ கழி ஊன்றதும் இந்த ராக்கெட்டும் ஒண்ணுதாம்பா. நீ சேத்தைப் பின்னால தள்ற, சேறு உன்னை முன்னால தள்ளுது. ராக்கெட் வாயுவைக் கீழே தள்ளுது, வாயு அதை மேலே தள்ளுது. நியூட்டனோட மூணாவது விதி" என்று மகள் சொல்லியிருந்தாள். "அப்படின்னா ராக்கெட் விடறவங்களை வந்து என் படகைத் தள்ளச் சொல்லு, பாக்கலாம்" என்று இவர் அப்போதே பதில் கொடுத்திருந்தார்.

முதல் சுற்றில் புத்தகம் தோற்றது உண்மைதான். ஆனால் ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டாமா? என் நாத்தனார் மகள் திருவொற்றியூரிலிருந்து பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1998இல் காப்ரியேலே வுல்ஃப் என்ற பெண்மணியும் அவர் சகாக்களும் வெளியிட்டது. பனிச்சறுக்குப் பழகுவதற்கென்று, இரண்டு பக்கமும் உருண்டு ஓடுகிற பலகை ஒன்று உண்டு. அதில் நின்று பழகியவர்களில் சிலரிடம் 'உன் பாதத்தைக் கவனித்து அழுத்து' என்றார்கள். சிலரிடம் 'பாதத்துக்குக் கீழே இருக்கிற சக்கரத்தைக் கவனித்து அழுத்து' என்றார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே செயல்தான். ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றுக்கொண்டார்களாம். தன் உடம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டு அசைந்தால் அசைவு கெட்டுவிடுகிறது. வெளியே இருக்கும் ஒன்றில் மனசை வைத்தால், உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

நமக்கும் தெரிந்த விஷயம்தானே? கோலம் போடும்போது விரல் எப்படி மடங்குகிறது என்று யோசித்தால் இழை கோணிவிடும். புள்ளியைப் பார்த்தால்தான் இழை ஓடும். என் மகள் சொன்ன ஈர்ப்பு மையம் சரிதான்; வாத்தியார் சொன்ன கூடையும் அதே ஈர்ப்பு மையம்தான். ஆனால் அசைகிற நேரத்தில் மாமியாருக்கு வேண்டியிருந்தது கூடைதான்.

இரண்டாவது சுற்று மூங்கில் கம்பைப் பற்றியது. சிலம்பத்தில் கம்பு பிள்ளையின் உயரத்துக்குத் தக்கபடி, நெற்றி அளவுக்கு இருக்க வேண்டும் என்பார்கள். நம் தாய்மார்களின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே! யூனிபாரத்தை ஒரு சைஸ் பெரிதாகத் தைப்பது போல, "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆவட்டும்" என்று 4 அடி கம்பு வேண்டிய குழந்தைக்கு 5 அடி கம்பாக வாங்கி அனுப்புகிறார்கள். குழந்தைக்குக் கை வலி, மணிக்கட்டில் வீக்கம். வாத்தியார் வேண்டாம் என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. "ஒரு அடி கூடினா என்னா கொறைஞ்சிடப் போவுது?" என்று அவரையே மடக்கினார்கள்.

ஒருநாள் மகள் அந்தத் தாய்மார்களை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரே பருமனுள்ள கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றும்போது, கையில் தெரிகிற கனம் வெறும் எடையால் மட்டும் வருவதில்லை. அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் சுழற்றுகிற சிரமம் எட்டு மடங்கு. 4 அடி 5 அடியானால் கால் பங்குதானே கூடியது என்று நினைக்கிறோம். சுழற்றுகிற சிரமமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு! அடுத்த வாரமே நாலைந்து கம்புகளை அறுத்துச் சரிசெய்துகொண்டு வந்தார்கள்.

வாத்தியாருக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். "என் கைக்குத் தெரியும்மா. ஆனா என் கையைக் கழட்டி அவங்களுக்குக் குடுக்க முடியுமா?" என்றார். நான் இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு விஷயம் சரி என்று தெரியும். ஏன் சரி என்று எடுத்துச் சொல்ல வராது. காரணத்தைச் சொல்ல முடிந்தால்தான் கம்பைத் தொட்டே பார்க்காத ஒரு தாய்க்கும் அது விளங்கும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை கணக்குப் போட்ட என் மகளும், புதிய சுற்று ஒன்றைப் பழகும்போது முதல் வாரம் தன் கணுக்காலிலேயே அடித்துக்கொள்கிறாள். கணக்கு வந்து கம்பைத் தடுப்பதில்லை!

மூன்றாவது சுற்றுதான் முக்கியமானது. நாலைந்து மாதத்தில் மாமியார் ஏரிக்கரை வரை நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு விசேஷத்துக்காகத் திருவொற்றியூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். புது வீடு, வழவழவென்று டைல்ஸ். குளியலறைக்குப் போகும் வழியில் ஈரம். மாமியார் தான் பழகிய நடையையே நடந்தார். கால்களை நன்றாக அகட்டி, பெரிய அடியாக எடுத்துவைத்தார். படகிலும் மணலிலும் ஏரிச் சேற்றிலும் அவரைக் காப்பாற்றிய நடை அது. டைல்ஸில் கால் சர்ரென்று விலகியது. நல்ல வேளை, கதவைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பழைய பயம் முழுவதுமாகத் திரும்பிவிட்டது. கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றார். தலையில் கூடை இருப்பதாக நினைக்கச் சொன்னேன். அது அன்றைக்குப் பலிக்கவில்லை. வாத்தியாரிடம் போன் போட்டுக் கேட்டதற்கு, "டைல்ஸ் தரையில நான் சொல்லிக் குடுத்ததே இல்லையேம்மா" என்றார், பாவம்.

மகள்தான் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "சேறு காலைப் பிடிச்சுக்குது. அதனால அகட்டி வச்சாலும் நிக்குது. டைல்ஸ் பிடிக்காது, உராய்வு கம்மி. பெரிய அடியா வச்சா பாதம் தரையைச் சாய்வாத் தள்ளுது, அப்பத்தான் சறுக்குது. சின்ன அடியா வச்சா பாரம் நேராக் கீழே எறங்குது. நேராக் கீழே தள்ளினா காலு எங்க சறுக்கும்?"

சரி, ஆயாவிடம் இதை எப்படிச் சொல்வது? இந்தத் தடவை அவள் சாக்பீஸைத் தேடவில்லை. "ஆயா, தரை பூரா முட்டை பரப்பி வச்சிருக்குது. நடுவுல நடுவுல பாதம் வைக்கத்தான் எடம். ஒவ்வொண்ணா, மேலேருந்து நேரா எறக்கி வை" என்றாள். மாமியார் ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி எடுத்துவைத்தார். சின்னச் சின்ன அடி. பாதம் முழுவதும் ஒன்றாகப் பதிந்தது. இரண்டு நாளில் அந்த வீட்டில் தனியாக நடந்தார். (ஈரத்தைத் துடைத்து, குளியலறை வாசலில் ரப்பர் மிதியடியும் போட்டோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

அன்றைக்கு ராத்திரி நாத்தனார் மகள் தன் பி.எட். புத்தகத்தை எடுத்துவந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். 'கற்றல் மாற்றம்' என்று ஒரு பாடம். அதில் சார்லஸ் ஜட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1908இல் எழுதிய சோதனை ஒன்று இருந்தது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து, தண்ணீருக்கு அடியில் வைத்த குறியின்மேல் சிறிய அம்பு எறியச் சொன்னார். தண்ணீருக்குள் இருப்பது, இருக்கிற இடத்தில் தெரியாது. ஒளி வளைந்து வருவதால் சற்று மேலே தெரியும். ஒரு குழுவுக்கு இந்த ஒளிவிலகலை முழுதாக விளக்கினார். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் 12 அங்குல ஆழம் இருந்தபோது இரு குழுவும் ஒரே மாதிரிதான் எறிந்தார்கள். விளக்கம் கேட்டதால் ஒரு லாபமும் இல்லை! எறிந்து எறிந்துதான் எல்லோருக்கும் கை வந்தது. பிறகு ஆழத்தை 4 அங்குலமாகக் குறைத்தார். விளக்கம் கேளாத பையன்கள் குழம்பிப்போனார்கள்; பழகிய கையே அவர்களுக்கு எதிரியாகிவிட்டது. விளக்கம் கேட்டவர்களோ சீக்கிரமே குறியைப் பிடித்துவிட்டார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இது எனக்கே தெரியும். சின்ன வயசுல தண்ணியில நண்டைக் குத்துவோம். தெரியற எடத்துல குத்தினா கெடைக்காது, கொஞ்சம் கீழ பாத்துக் குத்தணும்."

"எவ்வளவு கீழப்பா?" என்று கேட்டாள் மகள்.

"அது தண்ணி ஆழத்தைப் பொறுத்தது..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். எதைப் பொறுத்தது என்று சொல்வதுதானே அந்தப் பாடமே! பட்டிமன்றத்துக்கு நடுவர் தீர்ப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சுரைக்காய்ப் பழமொழி குறைந்துவிட்டது.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். ஏடு கையைப் பழக்காது. அதற்குச் செய்து செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தாய் சி பழகுகிறவர்களும் இதையேதான் விவாதிக்கிறார்கள் என்று கேள்வி. இரண்டு பேர் கையோடு கை சேர்த்து, எதிராளியின் தள்ளலை வாங்கித் திருப்பிவிடுகிற பயிற்சி ஒன்று அதில் உண்டு. விசையின் விதிகள் தெரிந்தால் அது நன்றாக வருமா என்பது அங்கே கேள்வி. வராது என்றுதான் நானும் சொல்வேன், பழகிய ஆளோடு பழகிய இடத்தில் நிற்கிற வரைக்கும். ஆள் மாறினால், தரை மாறினால், நம் உடம்பே வயதால் மாறினால், 'இது ஏன் இதுவரை சரியாக வந்தது?' என்று தெரிந்திருப்பவருக்குத்தான் அடுத்த அடி எங்கே என்று தோன்றும். பெண்களாகிய நமக்கு உடம்பு எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்! கர்ப்பத்தில் வயிறு முன்னால் வருகிறது. பிள்ளை பெற்றதும் முதுகு தளர்கிறது. ஐம்பதைத் தாண்டினால் எலும்பு மெலிகிறது. ஆழம் மாறிக்கொண்டே இருக்கிற ஏரி மாதிரிதான் நம் உடம்பும்.

இளம் தாய்மார்களுக்கு இதிலிருந்தே ஒரு சின்னக் கணக்கு. நம் முதுகுத் தசை முதுகெலும்புக்கு மிக அருகில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளி நின்று இழுக்கிறது. 10 கிலோ குழந்தையைத் தொட்டிலிலிருந்து கையை நீட்டி, முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளித் தூக்கினால், அந்தத் தசை 100 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையை முதலில் அருகில் இழுத்து, 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துத் தூக்கினால் 40 கிலோதான். குழந்தையும் அதேதான், எடையும் அதேதான்! தண்ணீர்க் குடத்துக்கும், அரிசி மூட்டைக்கும், காஸ் சிலிண்டருக்கும் இதே கணக்குதான். கணக்கைத் தெரிந்துகொண்டபின் மறந்துவிடுங்கள். தூக்குகிற நேரத்தில் 'குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்திரு' என்ற ஒரே நினைப்பு போதும்.

பிள்ளைகளுக்கு நீச்சலோ சைக்கிளோ சிலம்பமோ சொல்லிக் கொடுக்கும்போதும் இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் செய்யவிடுங்கள். செய்கிறபோது ஒரே ஒரு படத்தை மனசில் கொடுங்கள். பத்து உபதேசம் வேண்டாம். கை வந்தபிறகு, "இது ஏன் இப்படி வருது?" என்று பிள்ளை கேட்டால் "வாயை மூடிக்கிட்டு செய்" என்று அடக்காதீர்கள். அந்தக் கேள்வி இன்னொரு நாளைக்கு, இன்னொரு இடத்தில், வேறு யாரையோ விழாமல் பிடிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு, உறுதியான நாற்காலியையோ மேடையையோ பிடித்துக்கொண்டு, பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றுகிற பயிற்சியைத் தினமும் பத்து நிமிஷம் செய்யவையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்களும், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்களும் தானாக ஆரம்பிக்க வேண்டாம். அவரவர் வாழ்க்கையில் அவரவருக்கு ஒரு 'கூடை' இருக்கும். நெல் அறுத்தவருக்கு ஒன்று, தறி நெய்தவருக்கு ஒன்று. அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

என் மாமியாரை இப்போது கூடை சுமக்க நாங்கள் விடுவதில்லை. கரையில் உட்கார்ந்து கருவாடு காயவைத்து விற்கிறார். காலையில் தானே நடந்து போகிறார். மழை பெய்திருந்தால் சின்ன அடி, மணலில் பெரிய அடி. வெற்றிலைக்கு யாரிடமும் காசு கேட்பதில்லை.